எந்த மீனாட்சிசுந்தரம்?

நூலகத்துக்கு வருகிறவர்களில் பலர் புத்தகத்தின் தலைப்பை மறந்துவிட்டு வருவார்கள். ஆசிரியர் பெயர் மட்டும் நினைவில் இருக்கும். அந்தப் பெயரில் எத்தனை பேர் எழுதியிருக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியாது. தெரிய வேண்டிய கட்டாயமும் இல்லை. அதைத் தெரிந்து வைத்திருப்பதற்காகத்தான் பட்டியல் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. என் வேலைக்காலம் முழுவதையும் அந்தப் பிரிவில்தான் கழித்தேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் சென்னையில் ஒரு நூலகத்தில் சேர்ந்தபோது, எங்கள் அறையில் சுவரை ஒட்டி மர அலமாரிகள் நின்றன. சின்னச் சின்ன இழுப்பறைகள், ஒவ்வொன்றிலும் அடிப்பக்கம் துளையிட்ட அட்டைகள், அவற்றைக் கோத்துப் பிடிக்கும் பித்தளைக் கம்பி. புதிதாக ஒரு புத்தகம் வந்தால் அதற்கு அட்டை எழுத வேண்டும். எழுதுவதற்கு முன்னால் அதே பெயரில் ஏற்கெனவே அட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால், அவரும் இவரும் ஒருவர்தானா என்று விசாரிக்க வேண்டும். அட்டை எழுதச் சில நிமிடங்கள் போதும். விசாரணைக்குச் சில சமயம் ஒரு வாரம்கூட ஆகும்.

எங்கள் பிரிவின் தலைவர் பழைய மரபுக்காரர். சீர்காழியில் பிறந்து, கணக்குப் பேராசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, இந்திய நூலகத் துறைக்கே அடித்தளம் போட்ட எஸ். ஆர். ரங்கநாதனின் முறைகளில் ஊறியவர். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்ற ரங்கநாதனின் விதியை அவர் வேதமாகக் கொண்டிருந்தார். நான் சேர்ந்த புதிதில் ஒரு புத்தகத்தை என் மேசையில் வைத்துவிட்டு, "என்னம்மா, இது எந்த மீனாட்சிசுந்தரம்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியோடுதான் என் பயிற்சி தொடங்கியது.

மீனாட்சிசுந்தரம் என்ற இழுப்பறையில் பெரியவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். முதலில் திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, 1815 – 1876. திருவாவடுதுறை ஆதீன வித்துவான், எண்ணற்ற தலபுராணங்கள் பாடியவர், உ. வே. சாமிநாதையரின் ஆசிரியர். அடுத்து பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, 1869 – 1954. ருக்மிணி தேவிக்கும் மிருணாளினி சாராபாய்க்கும் பரதம் சொல்லிக்கொடுத்த நட்டுவனார். மூன்றாவது நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, 1894 – 1949. தவில் என்றாலே தஞ்சை மாவட்டத்துக்காரர்கள் சொல்லும் பெயர். நான்காவது தெ. பொ. மீனாட்சிசுந்தரனார், 1901 – 1980. மொழியியல் அறிஞர், மதுரைப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர்.

புலவர், நட்டுவனார், தவில் வித்துவான், மொழியியலார் என்று துறை தெரிந்தால் குழப்பமே இல்லை என்று தோன்றும். புத்தகம் கையில் வரும்போது அப்படி வராது. உ. வே. சா. தம் ஆசிரியரின் வரலாற்றை இரண்டு பாகங்களாக எழுதினார். அதில் 'மீனாட்சிசுந்தரம்' என்பது பொருள் தலைப்பு. தெ. பொ. மீ. எழுதிய புத்தகத்தில் அதே பெயர் ஆசிரியர் தலைப்பு. ஆங்கிலத்தில் அவர் பெயர் 'சுந்தரன்' என்று முடியும்படி அச்சாகும், தமிழில் 'சுந்தரம்', 'சுந்தரன்', 'சுந்தரனார்' என்று மூன்று வகையாகவும் வரும். ஒரே மனிதர் மூன்று இழுப்பறைகளில் சிதறிவிடுவார். ஒரு பெயரில் பலர் இருப்பது ஒரு சிக்கல் என்றால், ஒருவரே பல பெயராகப் பிரிவது அதன் மறுபக்கம். இரண்டையும் சேர்த்தேதான் தீர்க்க வேண்டும்.

பழைய நூல்களில் இதற்கு ஒரு வசதி இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்ப் புத்தகத்தின் முகப்புப் பக்கத்தைப் பார்த்தால் ஆசிரியரின் ஊர், அவருடைய ஆசிரியரின் பெயர், சார்ந்த ஆதீனம், பரிசோதித்தவர், அச்சிட்ட கூடம், அந்தக் கூடம் இருந்த தெரு வரைக்கும் போட்டிருப்பார்கள். இன்னாருடைய மாணாக்கர் என்ற ஒரு வரியை வைத்தே ஆளைப் பிடித்துவிடலாம். இருபதாம் நூற்றாண்டு நகர நகர முகப்புப் பக்கம் சுருங்கியது. ஊர் போயிற்று, ஆசிரியர் பெயர் போயிற்று, கடைசியில் ஓர் எழுத்தும் ஒரு பெயரும் மிஞ்சின.

சாதிப் பட்டங்களும் விடைபெற்றன. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானமாக எழுந்த அந்த மாற்றம், தமிழ்நாட்டுக்குக் கிடைத்த நல்ல மாற்றங்களில் ஒன்று. அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஆளைப் பிரித்துக் காட்ட ஊரும் தொழிலும் பிறந்த ஆண்டும் போதும், சாதி வேண்டியதில்லை என்று எங்கள் தலைவரும் சொல்வார். அதற்காகத்தான் அட்டையில் பெயருக்குப் பக்கத்தில் பிறந்த ஆண்டை எழுத வேண்டும் என்பதில் அவ்வளவு கண்டிப்பாக இருந்தார்.

முன்னெழுத்து இருக்கிறதே, அது போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது என்று எனக்குக் காட்டியது அறிவியல் அலமாரிதான். எஸ். சந்திரசேகர் என்ற பெயரில் ஆங்கிலப் புத்தகங்கள் மூன்று திசைகளிலிருந்து வந்தன. ஒருவர் சுப்பிரமணியன் சந்திரசேகர், 1910 – 1995, விண்மீன்களின் அமைப்பை ஆராய்ந்து 1983இல் நோபல் பரிசு பெற்றவர். இன்னொருவர் சிவராமகிருஷ்ண சந்திரசேகர், 1930 – 2004, பெங்களூரு ராமன் ஆய்வு நிறுவனத்தில் திரவப் படிகங்களை ஆராய்ந்தவர். வட்டத்தட்டு வடிவ மூலக்கூறுகளும் திரவப் படிகமாக அடுக்கப்படும் என்று 1977இல் அவருடைய குழு கண்டுபிடித்தது. மூன்றாமவர் ஸ்ரீபதி சந்திரசேகர், 1918 – 2001, மக்கள்தொகை அறிஞர், 1967இல் மத்திய சுகாதார, குடும்பக் கட்டுப்பாட்டுத் துறை அமைச்சரானவர்.

மக்கள்தொகைப் புத்தகத்தை வேறு அலமாரியில் வைத்துவிடலாம், அதில் சிரமமில்லை. முதல் இருவரும் இயற்பியலாளர்கள். இருவரும் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினர்கள். இருவருமே சி. வி. ராமனின் உறவில் மகன் முறையும் மருமகன் முறையுமாக வருகிறவர்கள். ஒருவர் அண்ணன் மகன், மற்றவர் தங்கை மகன். புத்தக முதுகில் எஸ். சந்திரசேகர் என்று மட்டும்தான் இருக்கும். திரவப் படிகம் பற்றி இரண்டாமவர் எழுதிய 1977ஆம் ஆண்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, "நோபல் வாங்கியவர் இதைப் பற்றியும் எழுதியிருக்கிறாரே!" என்று வியந்த மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த வியப்பில் ஓர் அநியாயம் இருக்கிறது. பெங்களூரில் உட்கார்ந்து ஒரு துறைக்கே புதுக் கிளை திறந்த ஒருவரின் உழைப்பு, அவருக்கே தெரியாமல் இன்னொருவர் கணக்கில் ஏறிவிடுகிறது.

இந்த வேலை எதற்காக என்று எனக்குப் பிடிபட்டது அங்கேதான். ஒரே பெயரில் இருவர் இருந்தால், அதிகப் புகழ் உள்ளவர் பக்கம் எல்லாம் சாய்ந்துவிடும். புகழ் என்பது மடை திறந்த வயல் மாதிரி, பக்கத்து வயல் தண்ணீரும் அதற்குள்ளேயே ஓடும். பட்டியல் எழுதுகிறவர் வரப்பைக் காக்க வேண்டும். நோபல் பெற்ற சந்திரசேகரின் பெயரை நாங்கள் காக்கத் தேவையில்லை, உலகமே காக்கும். மற்றவருக்கு அந்த ஒரு அட்டைதான் காவல்.

கணிதத்திலும் இதே கதை. ஈரோட்டில் 1887இல் பிறந்த சீனிவாச ராமானுஜனைத் தெரியாதவர் இல்லை. சென்னையில் 1938இல் பிறந்த சி. பி. ராமானுஜம் என்ற கணித மேதை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் வேலை செய்து, இயற்கணித வடிவியலில் தம் பெயரால் வழங்கும் தேற்றத்தைத் தந்து, 1974இல் மறைந்தார். முதலாமவர் 32 வயதில் போனார், இவர் 36 வயதில். இரண்டாமவரின் பெயரிலுள்ள தேற்றத்தை முதலாமவருடையது என்று சொல்லும் பொதுக் கட்டுரைகள் என் மேசைக்கு வந்திருக்கின்றன. மைசூரில் பிறந்து சிகாகோவில் சங்கக் கவிதைகளை மொழிபெயர்த்த ஏ. கே. ராமானுஜனையும் இவர்களோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஸ்ரீரங்கத்து உடையவரைச் சேர்த்தால் ராமானுஜர் இழுப்பறை நிறைந்துவிடும்.

பின்னர் இசைத்தட்டுகளும் புகைப்படங்களும் எங்கள் பிரிவுக்கு வந்தபோது சிக்கல் இன்னொரு வடிவம் எடுத்தது. புத்தகத்துக்கு முகப்புப் பக்கமாவது உண்டு. பழைய புகைப்படத்தின் பின்புறம் பென்சிலில் 'பாலசரஸ்வதி' என்று மட்டும் இருக்கும். பரதக் கலைஞர் டி. பாலசரஸ்வதி, 1918 – 1984, சத்யஜித் ராய் 1976இல் 'பாலா' என்று ஆவணப்படம் எடுத்தாரே, அவரா? அல்லது 1928இல் பிறந்து தமிழ், தெலுங்குத் திரையின் தொடக்ககாலப் பின்னணிப் பாடகியாக விளங்கிய ஆர். பாலசரஸ்வதி தேவியா? முதலாமவரும் அருமையாகப் பாடுகிறவர் என்பதால் 'பாடகி' என்ற குறிப்பும் கை கொடுக்காது. ஒரு பத்திரிகை, பாடகியைப் பற்றிய கட்டுரைக்கு நாட்டியக்காரரின் படத்தைப் போட்டு வெளியிட்டதை என் கண்ணால் பார்த்தேன். படத்தில் இருப்பவர் அணிந்த நகை, படம் எடுத்த ஸ்டூடியோவின் முத்திரை, தாளின் வயது, கூட இருப்பவர்கள் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து முடிவு செய்யப் பழகினோம். முடிவு கிடைக்காத படங்களை 'உறுதி செய்யப்படவில்லை' என்று எழுதித் தனி உறையில் வைத்தோம்.

சுப்புலட்சுமி இன்னும் கடினம். இயக்குநர் கே. சுப்பிரமணியம் 1938இல் 'சேவாசதனம்' எடுத்தார். நாயகி எம். எஸ். சுப்புலட்சுமி. அடுத்த ஆண்டே 'தியாகபூமி' எடுத்தார். நாயகி எஸ். டி. சுப்புலட்சுமி. ஒரே இயக்குநர், அடுத்தடுத்த ஆண்டுகள், ஒரே பெயர். இருவரும் பாடி நடித்தவர்கள். இதே காலத்தில் பெண் கல்விக்கும் இளம் விதவைகளின் மறுவாழ்வுக்கும் வாழ்நாளைத் தந்த சகோதரி ஆர். எஸ். சுப்பலட்சுமியும் சென்னையில் இருந்தார், 1886 – 1969. 'சுப்புலட்சுமி அம்மாளின் உரை' என்ற தலைப்போடு பழைய செய்தி நறுக்கு ஒன்று வந்தால், பேசியது யார் என்று பார்க்காமல் கோப்பில் போட முடியாது. பெரும்பாலான நறுக்குகள் எம். எஸ். கோப்பில்தான் கிடந்தன. அவற்றில் பலவற்றை எடுத்து உரியவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தது, என் வேலைக்காலத்தில் எனக்கு மிகவும் நிறைவு தந்த பணிகளில் ஒன்று.

ஏன் இப்படி ஒரே பெயர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன என்று வெளிநாட்டு ஆய்வாளர்கள் கேட்பார்கள். செட்டிநாட்டைக் காட்டுவேன். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கம் அங்கே உறுதியாக இருந்தது. அதனால் ஊருக்கு ஊர் முத்தையாக்கள். சென்னை மேயராக இருந்த ராஜா சர் முத்தையா செட்டியார், 1905 – 1984. கோட்டையூரில் தம் வீடு நிறையத் தமிழ் அச்சு நூல்களைச் சேர்த்து வைத்த ரோஜா முத்தையா. அவர் சேகரிப்பின் மேல்தான் 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. பள்ளத்தூரில் 1930இல் பிறந்து சென்னையின் வரலாற்றை எழுதிய எஸ். முத்தையா. சிறுகூடற்பட்டியில் சாத்தப்பன் மகனாக 1927இல் பிறந்த முத்தையாவும் ஆங்கிலத்தில் எஸ். முத்தையாதான். அவர் கண்ணதாசன் ஆகிவிட்டதால் நாங்கள் பிழைத்தோம்.

அந்த ஆங்கில 'எஸ்' செய்யும் வேலையைச் சொல்ல வேண்டும். தமிழில் சா, சு, சி, செ, சோ, ஸ்ரீ எல்லாம் வெவ்வேறு. ஆங்கிலத்தில் எல்லாம் ஓர் எழுத்துக்குள் அடங்கிவிடும். தமிழில் திரும்ப எழுதும்போது எல்லாரும் 'எஸ்' ஆகிவிடுவார்கள். தந்தை பெயரின் முதலெழுத்தைத் தமிழில் எழுதும் வழக்கம் வளர்ந்த பிறகு, தமிழ் நூல்களில் ஆளைப் பிரிப்பது எங்களுக்குக் கணிசமாக எளிதானது.

புனைபெயர் குழப்பத்தைத் தீர்க்கும் என்று நினைப்பவர்களுக்கு சுஜாதாவின் கதையைச் சொல்வேன். எஸ். ரங்கராஜன் கதை எழுதத் தொடங்கியபோது குமுதத்தில் ரா. கி. ரங்கராஜன் ஏற்கெனவே பெயர் பெற்றிருந்தார். இரண்டு ரங்கராஜன்கள் வேண்டாம் என்று மனைவியின் பெயரை எடுத்துக்கொண்டார். அதன் பிறகு 'அவள் ஒரு தொடர்கதை' நடிகை சுஜாதா வந்தார். பாடகி சுஜாதாவும் வந்தார். 1992இல் வந்த 'ரோஜா' படத்துக்கு வசனம் எழுதியவர் சுஜாதா, அதே படத்தில் பாடியவரும் சுஜாதா. படத்தைப் பற்றிய அட்டையில் இரண்டு சுஜாதாக்களையும் அடுத்தடுத்து எழுதினோம். ரா. கி. ரங்கராஜனோ தம் பெயரிலும் வேறு பல புனைபெயர்களிலும் எழுதித் தள்ளினார். ஒரு பெயரிலிருந்து இன்னொரு பெயருக்கு வழிகாட்டும் 'காண்க' அட்டைகள் அவருக்கு மட்டும் ஒரு கட்டு.

பழந்தமிழுக்குப் போனால் ஆண்டும் இல்லை, முன்னெழுத்தும் இல்லை. ஔவையார் என்ற பெயரில் சங்கத் தொகை நூல்களில் 59 பாடல்கள் இருக்கின்றன. அதியமானோடு பழகிய, தொண்டைமானிடம் தூது போன அந்தப் புலவரின் மொழி வேறு. ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் தந்தவரின் மொழி வேறு, காலமும் பல நூற்றாண்டுகள் தள்ளி. விநாயகர் அகவலைப் பாடியவரைத் தனியாகக் கொள்ளும் அறிஞர்களும் இருக்கிறார்கள். 1953இல் ஜெமினி எடுத்த 'ஔவையார்' படத்தில் கே. பி. சுந்தராம்பாள் எல்லாரையும் ஒருவராக்கி மக்கள் மனதில் நிறுத்திவிட்டார். படத்துக்கு அது பொருந்தும், பட்டியலுக்குப் பொருந்தாது. நக்கீரர், கபிலர், பரணர், கல்லாடர் என்ற சங்கப் பெயர்கள் பதினோராம் திருமுறையில் தேவநாயனார் என்ற சேர்க்கையோடு திரும்ப வருகின்றன. பட்டினத்தாரிலும் திருமுறை ஆசிரியர் ஒருவர், சித்தர் பாடல்களின் ஆசிரியர் இன்னொருவர் என்பது ஆய்வாளர்கள் பலரின் முடிவு.

இங்கே எங்கள் தலைவர் கற்பித்த நெறி ஒன்று உண்டு. "சந்தேகம் இருந்தா பிரிச்சு வைம்மா, சேர்க்காதே" என்பார். பிரித்து வைத்தவர்களைப் பின்னால் ஆதாரம் கிடைத்தால் ஒரு குறிப்பில் சேர்த்துவிடலாம். சேர்த்துவிட்டவர்களைப் பிரிக்க வேண்டுமானால் ஒவ்வொரு புத்தகத்தையும் திரும்பத் திறந்து பார்க்க வேண்டும். அதற்குள் அந்தச் சேர்க்கையை நம்பி நான்கு ஆய்வேடுகள் வந்திருக்கும்.

தொண்ணூறுகளில் கணினி வந்தபோது இந்த நெறிக்குச் சோதனை வந்தது. அட்டைகளைக் கணினியில் ஏற்ற வெளியாட்களை அமர்த்தினார்கள். வேகமாகத் தட்டச்சு செய்தவர்கள் பெயரை மட்டும் ஏற்றினார்கள், அடைப்புக்குறிக்குள் இருந்த பிறந்த ஆண்டையும் ஊரையும் விட்டுவிட்டார்கள். பெயர் ஒன்றாக இருந்ததால் மென்பொருள் ஆட்களையும் ஒன்றாக்கியது. இரண்டு தலைமுறையினர் பிரித்து வைத்ததை ஒரு கோடைக்காலத்தில் கலந்துவிட்டது. மர இழுப்பறைகளை அப்புறப்படுத்தச் சொன்னபோது, திருத்தம் முடியும்வரை தர மாட்டோம் என்று பிரிவே சேர்ந்து நின்றது. பழைய அட்டைகளை வைத்துத்தான் கணினிப் பட்டியலைச் சரிசெய்தோம்.

அதே கணினி பின்னர் பெரிய உதவியும் செய்தது. பல நாட்டுத் தேசிய நூலகங்களின் பெயர்க் கோப்புகளை ஒரே இடத்தில் ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. 2012இல் ஓர்கிட் என்ற முறை வந்தது. பதிவு செய்துகொள்ளும் ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் 16 இலக்க எண். பெயர் மாறினாலும் வேலை மாறினாலும் எண் மாறாது. இன்றைக்கு ஒரு சந்திரசேகர் அந்த எண்ணோடு ஆய்வுக் கட்டுரை எழுதினால் அது அவர் கணக்கில்தான் சேரும். எங்கள் அட்டையில் பிறந்த ஆண்டு செய்த காரியத்தை அந்த எண் உலக அளவில் செய்கிறது.

தேடுபொறிகள் வேறு விதம். ராமச்சந்திரன் என்று தட்டினால் எம். ஜி. ஆர்.தான் முன்னால் வருவார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டே கொலாஜன் புரதத்தின் மூவிழை அமைப்பைக் கண்டு சொன்ன ஜி. என். ராமச்சந்திரன், 1922 – 2001, எங்கேயோ கீழே இருப்பார். உலகெங்கும் புரதம் படிக்கும் மாணவர்கள் ராமச்சந்திரன் வரைபடம் இல்லாமல் படிக்க முடியாது. அவர் வேலை பார்த்த ஊரிலேயே அவர் பெயர் இன்னொருவருக்குப் பின்னால் நிற்கிறது. அதிகம் பேர் தேடுவதை முன்னால் வைப்பது இயந்திரத்தின் முறை. யாருடைய வேலை யாருடையது என்று சொல்வது பட்டியலின் முறை. முதலாவது இரண்டாவதின் இடத்தைப் பிடித்துவிட்டதாக நினைத்துப் பல நூலகங்கள் பட்டியல் பிரிவைச் சுருக்கிவிட்டன. அது தவறு என்று உறுதியாகச் சொல்வேன்.

இந்தப் பொறுப்பு நூலகத்தோடு முடிவதில்லை. நீங்கள் புத்தகம் எழுதுகிறவராக இருந்தால், முகப்புப் பக்கத்தின் பின்புறம் உங்கள் முழுப் பெயர், முன்னெழுத்தின் விரிவு, பிறந்த ஆண்டு, ஊர் ஆகிய நான்கையும் போடச் சொல்லுங்கள். பதிப்பாளராக இருந்தால் கேட்டு வாங்கிப் போடுங்கள். வீட்டில் பழைய படங்கள் இருந்தால், அதில் இருப்பவரை அடையாளம் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே பின்புறம் முழுப் பெயரையும் ஆண்டையும் எழுதி வையுங்கள். கட்டுரை எழுதும் மாணவர்கள், புகழ்பெற்ற ஒரு பெயரைப் பார்த்தவுடன் அவர்தான் என்று எழுதிவிடாமல், எந்த மீனாட்சிசுந்தரம் என்று ஒரு முறை கேளுங்கள். உழைத்தவருக்கு அவருடைய பெயரிலேயே நாம் தரக்கூடிய குறைந்தபட்ச மரியாதை அது.